எந்த மணப்பாடலை எடுப்பது? ஸ்பென்ஸரின் இரண்டும் ஜான் டன்னின் ஒன்றும்

ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் மறுமலர்ச்சிக் காலத்துத் திருமணப் பாடல் ஒன்றை எடுத்து, அதன் சந்தம், இயைபு, திரும்ப வரும் சொற்கள் ஆகிய மூன்றையும் அலசிக் கட்டுரை எழுத வேண்டிய கட்டம் வருவதுண்டு. எந்தப் பாடல் என்பதை அவர்களே தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டால் பலர் பக்க எண்ணிக்கையைப் பார்த்துச் சிறியதை எடுத்துவிடுகிறார்கள். இது சரியான அளவுகோல் இல்லை என்பது என் எண்ணம். சிறிய பாடலில் வேலை குறையும் என்பதற்கு உறுதியில்லை. சில நீண்ட பாடல்கள், எங்கே தட்டினால் திறக்கும் என்பதைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று பாடல்களை எடுத்துக்கொள்கிறேன். எட்மண்ட் ஸ்பென்ஸர் தன் சொந்தத் திருமணத்துக்கு எழுதி 1595-இல் அச்சேறிய ‘எபிதலேமியன்’. அவரே அடுத்த ஆண்டு, உஸ்டர் பிரபுவின் மகள்கள் இருவரின் திருமணத்தை ஒட்டி எழுதிய ‘ப்ரோதலேமியன்’. 1613 பிப்ரவரி 14 அன்று அரசர் முதலாம் ஜேம்ஸின் மகள் எலிசபெத், ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதி ஆட்சியாளர் ஃபிரெடரிக்கை மணந்தபோது ஜான் டன் எழுதிய மணப்பாடல். முதலாவது 433 வரி, இரண்டாவது 180, மூன்றாவது 112.

ஒப்பிடும் முன் தமிழ் வாசகர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நமக்குப் பழகிய யாப்பில் குறிலும் நெடிலும் ஒற்றும் சேர்ந்து நேர், நிரை என்ற அசைகளை முடிவு செய்கின்றன. ஆங்கிலத்தில் முடிவு செய்வது அழுத்தம். உயிர் நீண்டு ஒலித்தாலும் அழுத்தம் விழாவிட்டால் அது மெல்லசைதான். மெல்லசை ஒன்று, அழுத்தம் பெற்ற அசை ஒன்று என்று இணைந்தால் அது ஓர் அயாம்ப் சீர். அப்படி ஐந்து சீர் கொண்ட வரி பென்டாமீட்டர், மூன்று சீர் என்றால் டிரைமீட்டர், ஆறு என்றால் அலெக்ஸாண்ட்ரைன். மூன்று பாடல்களும் ஐந்து சீர் வரியையே அடித்தளமாக வைத்து, நடுநடுவே நீளத்தை மாற்றுகின்றன. எங்கே மாற்றுகின்றன, ஏன் மாற்றுகின்றன என்பதில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

‘எபிதலேமியன்’ பாடலின் கட்டுமானத்தைப் பார்ப்போம். அயர்லாந்தின் தென்பகுதியில் வாழ்ந்த ஸ்பென்ஸர், எலிசபெத் பாய்ல் என்ற பெண்ணை 1594 ஜூன் 11 அன்று மணந்தார். புனித பர்னபாஸின் திருநாளான அது, அன்றைய நாட்காட்டிப்படி ஆண்டின் மிக நீண்ட பகலாகவும் கருதப்பட்டது. பாடல் அந்த ஒரு நாளை விடியற்காலத்துக்கு முன்பிருந்து நள்ளிரவு தாண்டும் வரை பின்தொடர்கிறது. 23 நீண்ட பத்திகள், கடைசியில் 7 வரி கொண்ட ஒரு சிறு முடிப்பு. பெட்ரார்க் என்ற இத்தாலியக் கவிஞர் கையாண்ட ‘கான்ஸோனே’ வடிவத்திலிருந்து வந்த அமைப்பு இது. நீண்ட வரிகளுக்கு இடையே குட்டை வரிகளைச் செருகுவதும், முடிவில் பாடலையே விளித்துச் சில வரி பேசுவதும் அந்த வடிவத்தின் வழக்கம்.

முதல் பத்தியில் 18 வரிகள். ஈற்றுச் சொற்களின் இயைபை எழுத்துகளால் குறித்தால் இப்படி வரும்: அ ஆ அ ஆ இ இ ஆ இ ஆ ஈ ஈ உ ஊ ஊ உ உ எ எ. பலருடைய கட்டுரை இந்த எழுத்து வரிசையோடு நின்றுவிடுகிறது. இதற்குப் பக்கத்தில் வரிகளின் நீளத்தையும் எழுதிப் பாருங்கள். 6-ஆவது வரியும் 11-ஆவது வரியும் மூன்றே சீர். 16-ஆவது நான்கு சீர். 18-ஆவது ஆறு சீர். மற்றவை எல்லாம் ஐந்து. இப்போது இரண்டையும் சேர்த்துப் படித்தால், குட்டை வரி ஒவ்வொன்றும் தனக்கு உடனே முந்தைய நீண்ட வரியோடு இயைந்து முடிவது தெரியும். ‘லேஸ்’ என்று முடிந்த நீண்ட வரிக்கு அடுத்துக் குட்டையாக ‘ப்ரேஸ்’. ‘லமென்ட்’ என்று முடிந்ததற்கு அடுத்து ‘ட்ரியரிமென்ட்’. ‘என்வைட்’ என்பதை அடுத்து ‘ப்ரைட்’. நீண்ட குரல் ஒன்று எழுகிறது, அதன் கடைசி ஓசை மட்டும் பாதி நீளத்தில் திரும்பி வருகிறது. காட்டில் எதிரொலி கேட்பது இப்படித்தான். ஒவ்வொரு பத்தியின் இறுதியிலும் ‘காடுகள் எனக்கு மறுமொழி தரும், என் எதிரொலி ஒலிக்கும்’ என்ற பொருளில் வரப்போகும் அடியை, பத்தியின் உடலுக்குள்ளேயே மூன்று இடங்களில் ஓசையாக நிகழ்த்திக் காட்டிவிடுகிறார் ஸ்பென்ஸர். இங்கே சந்தத்தையும் இயைபையும் மீள்வருகையையும் தனித்தனித் தலைப்பில் பிரித்து எழுதினால் கவிதையின் உயிர் போய்விடும். மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன.

அந்தக் கடைசி அடியை ஒலித்துப் பார்ப்போம்: ‘த வுட்ஸ் ஷல் டு மீ ஆன்ஸர் அண்ட் மை எக்கோ ரிங்’. 12 அசைகள், ஆறு சீர். பத்து அசைக்குப் பழகிய காது இன்னும் இரண்டு அசை கூடுதலாகக் கேட்கிறது. எதிரொலியின் வால் நீள்கிறது. அதற்கு முந்தைய வரி ‘ஸிங்’ என்று முடிந்து இதற்கு இயைபு தருகிறது. ‘பாடு’ என்பது கேள்வி போலவும் ‘ஒலி’ என்பது பதில் போலவும் 23 முறை இந்த இணை வருகிறது.

எல்லாப் பத்திகளும் ஒரே அச்சில் வார்த்தவை என்று எண்ணிவிட வேண்டாம். 17-ஆவது பத்தியை எடுத்தால் 19 வரிகள். இயைபும் சற்று மாறுகிறது: அ ஆ அ ஆ இ இ ஈ இ ஈ உ உ ஊ எ எ ஊ ஏ ஏ ஐ ஐ. ஆனாலும் 6, 11, 17 ஆகிய குட்டை வரிகள் முந்தைய வரியோடு இயைவது மாறவில்லை. எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதில் கவிஞருக்குத் தெளிவான விதி இருந்திருக்கிறது. ஆராய்பவர் இந்த வேறுபாட்டைப் பிழையாகவோ அசட்டையாகவோ கொள்ளாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, மீள்வரும் அடி. என்னைக் கேட்டால் கட்டுரையின் பெரும்பகுதியை இதற்கே கொடுக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே அடி திரும்பத் திரும்ப வருவதுபோல் இருக்கும். 23 அடிகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரியவரும். முதல் பத்தியில் ‘எனக்கு’, ‘என் எதிரொலி’. அங்கே பாடுபவன் தனக்குத் தானே தனியாகப் பாடப்போவதாகச் சொல்கிறான். பிறகு கலைத்தேவியர், நீரரமகளிர், பறவைகள், தேவாலயப் பாடகர்கள், தேவதூதர்கள், ஊர் இளைஞர்கள் என்று ஒவ்வொருவராக வரும்போது ‘உங்கள் எதிரொலி’, ‘அவர்களின் எதிரொலி’ என்று உரிமை கைமாறுகிறது. 10-ஆவது பத்தியில் மணப்பெண்ணின் அழகைக் கண்ட கன்னியர் பாட மறந்து நிற்கிறார்கள். அங்கே அடி இறந்த காலத்துக்குப் போய்விடுகிறது. காடுகள் மறுமொழி தந்தன என்று வருகிறது, தரும் என்று வரவில்லை. பாட்டு நின்றதால் எதிரொலியும் பழங்கதையாகிவிட்டது.

17-ஆவது பத்தியில் இரவு வருகிறது. ‘நவ்’ (இப்போது) என்ற ஒரே சொல் அந்தப் பத்தியில் ஆறு முறை விழுகிறது. பகல் முடிந்தது, இரவு வந்தது, தோழியரே போங்கள் என்று ஒவ்வொன்றும் அவசரத்தோடு அடுக்கப்படுகிறது. முடிவில் அடி தலைகீழாகிறது: காடுகள் இனி மறுமொழி தரமாட்டா, உங்கள் எதிரொலி ஒலிக்காது. பதினாறு பத்திகள் ஒலியைக் கேட்ட பாடல், இனி அமைதியைக் கேட்கிறது. அதன் பிறகு எதிர்மறை வடிவம் கடைசி வரை மாறுவதில்லை. ‘நம் எதிரொலி’ என்ற சொல் தோன்றுவதும் இந்த இருட்டுக்குப் பிறகுதான். 23-ஆவது பத்தி, காடுகள் இனி ‘நமக்கு’ மறுமொழி தரவேண்டாம், ‘நம்’ எதிரொலியும் ஒலிக்க வேண்டாம் என்று முடிகிறது. ‘என்’ என்று தொடங்கிய பாடல் ‘நம்’ என்று முடிந்திருக்கிறது. திருமணம் என்றால் என்ன என்பதை ஸ்பென்ஸர் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. திரும்ப வரும் அடியில் ஒரு பிரதிப்பெயரை மாற்றி அதைச் செய்துகாட்டியிருக்கிறார். வடிவத்தை ஆராய்வது எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

வரித் தொடக்கத்தில் வரும் அடுக்குகளும் இந்தப் பாடலில் நிறைய உண்டு. கோயில் கதவுகளைத் திறக்கச் சொல்லும் இடத்தில் ‘ஓப்பன்’ என்று இரண்டு வரிகள் தொடங்குகின்றன. ‘ஓ’ மேல் அழுத்தம் விழுவதால் அயாம்ப் சீர் முதல் இடத்திலேயே புரண்டு, கதவைத் தள்ளுகிற விசை வரியில் வந்துவிடுகிறது. விருந்தில் ‘போர்’ (ஊற்று) என்று மூன்று வரிகள் தொடங்குகின்றன. கோப்பை கோப்பையாக வேண்டாம், வயிறு நிறைய ஊற்று என்கிறான் மணமகன். சடங்கு நடக்கும் பத்தியிலோ ‘பிஹோல்ட் வைல்ஸ் ஷீ பிஃபோர் த ஆல்ட்டர் ஸ்டாண்ட்ஸ்’ என்று ஒரு சீரும் பிசகாமல் வரி நடக்கிறது. பலிபீடத்தின் முன் நிற்பவளைப் பற்றிய வரியில் ஓசையும் அடங்கி ஒழுங்காக நிற்கிறது. விருந்து வரியையும் பீடத்து வரியையும் அடுத்தடுத்து உரக்கப் படித்தால் சந்தம் பொருளுக்கு என்ன செய்கிறது என்பது காதுக்கே புரிந்துவிடும்.

எண்கள் பற்றியும் சொல்ல வேண்டும். கென்ட் ஹியட் என்ற ஆய்வாளர் 1960-இல் வெளியிட்ட நூலில், 24 பகுதிகளும் நாளின் 24 மணி நேரத்தையும், 365 நீண்ட வரிகளும் ஆண்டின் நாட்களையும் குறிப்பதாகக் காட்டினார். 17-ஆவது பத்தியின் கால் பகுதி முடிந்ததும் ‘இரவு வந்துவிட்டது’ என்று வருவது, அந்த நிலப்பகுதியின் கோடைகாலப் பகல் ஏறத்தாழ பதினாறே கால் மணி நேரம் என்பதோடு பொருந்துகிறது. மிக நுட்பமான கண்டுபிடிப்பு இது. ஆனாலும் மாணவர் கட்டுரைக்கு இதை முதுகெலும்பாக்க நான் சொல்லமாட்டேன். எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. சந்தம் பற்றிய கட்டுரை காதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு பத்தி ஒதுக்கினால் போதும்.

அடுத்து ‘ப்ரோதலேமியன்’. பத்து பத்திகள், ஒவ்வொன்றும் சரியாக 18 வரி. தேம்ஸ் ஆற்றங்கரையில் நடக்கும் கவிஞர், இரண்டு அன்னங்கள் நீரோட்டத்தில் வருவதைக் காண்கிறார். அந்த அன்னங்கள்தான் மணப்பெண்கள். முதல் பத்தியின் இயைபு: அ ஆ ஆ அ அ ஆ இ ஆ இ இ ஈ ஈ உ ஈ உ உ ஊ ஊ. குட்டை வரிகள் 5, 10, 15, 16. முதல் இரண்டும் ‘எபிதலேமியன்’ போலவே முந்தைய வரியோடு இயைகின்றன. பிற்பாதியில் இரண்டு குட்டை வரிகள் கைகோத்து ஒன்றாக வருகின்றன. இரண்டு மணப்பெண்களுக்கு இரண்டு குட்டை வரிகள் என்று சொல்லிப் பார்க்க ஆசையாக இருந்தாலும், ஆதாரமில்லாத இந்த மாதிரிப் பொருத்தங்களைத் தவிர்ப்பது நல்லது. காது சொல்வதை எழுதலாம்: நீண்ட ஓட்டத்துக்குப் பின் இரண்டு சிறு அலைகள் கரை தொடுகின்றன, பிறகு பத்தி தன் இறுதி இணைக்குள் அமைதியாக இறங்குகிறது.

இறுதி அடியில் ‘மென்மையாக ஓடு, இனிய தேம்ஸே, நான் என் பாட்டை முடிக்கும் வரை’ என்று கவிஞர் ஆற்றை விளிக்கிறார். ஆங்கிலக் கவிதையில் இவ்வளவு இனிமையான அடிகள் குறைவு. இது பத்தே அசை, ஐந்து சீர். முன்னதன் இறுதியடிபோல் நீண்டு ஒலிக்க முயலவில்லை. ‘மெதுவாக’ என்று கேட்கும் அடி தானும் குரலை உயர்த்தாமல் இருக்கிறது. இதற்கு முந்தைய வரியில் ‘மணநாளுக்காக’, ‘அவர்களின் மணநாளுக்காக’, ‘உங்கள் மணநாளில்’ என்பதுபோல் சிறு மாற்றங்கள் வருகின்றன. தேம்ஸைப் பார்த்துச் சொல்லும் அடி மட்டும் அசைவதில்லை.

இங்கேதான் ஒப்பீடு கூர்மையாகிறது. ‘எபிதலேமியன்’ அடி மாறிக்கொண்டே கதை சொல்கிறது. ‘ப்ரோதலேமியன்’ அடி மாறாமல் நின்று, சுற்றியுள்ளவை மாறுவதைக் காட்டுகிறது. முதல் பத்தியில் கவிஞர் அரசவையில் வீணாகக் காத்திருந்த தன் ஏமாற்றத்தைச் சொல்கிறார். பின்னால் லண்டன் வருகிறது, தான் பிறந்து வளர்ந்த ஊர் என்ற நினைவு வருகிறது, எஸ்ஸெக்ஸ் பிரபுவுக்குப் புகழ்ச்சி வருகிறது. மணப்பெண்கள் கொஞ்சம் ஒதுங்கியே போய்விடுகிறார்கள். இத்தனைக்கும் நடுவே அதே அடி, அதே ஆறு. இயைபும் சந்தமும் இசையாக இருக்கின்றன, நிகழ்ச்சியாக இல்லை. ஆகவே வடிவத்தை விவரித்து எழுதுவது எளிது, வாதமாக எழுதுவது கடினம். அழகாக இருக்கிறது, ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு மேல் என்ன சொல்வது என்று மூன்றாவது பக்கத்தில் பேனா நின்றுவிடும். நாடகத்தன்மை குறைந்த இசையைப் பற்றி நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இது பொன்னான பாடல்.

ஜான் டன்னின் பாடல் வேறு வகை. 14 வரி கொண்ட எட்டுப் பத்திகள், மூன்று சீர் முதல் ஆறு சீர் வரை நீளம் மாறும் வரிகள். திருமணம் நடந்த பிப்ரவரி 14 புனித வாலன்டைனின் திருநாள்; அது பறவைகள் தத்தம் இணையைத் தேடும் நாள் என்ற நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, வாலன்டைனை ஒரு பேராயராகவும் காற்றுவெளி முழுவதையும் அவருடைய மறைமாவட்டமாகவும் ஆக்கி, கிண்டலும் கொண்டாட்டமுமாகத் தொடங்குகிறார். மணமக்களை இரண்டு ஃபீனிக்ஸ் பறவைகள் என்கிறார். உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று சொல்லப்படும் பறவையை இரண்டாக்கி, மறுபடி ஒன்றாக்குகிறார். ஒவ்வொரு பத்தியும் வாலன்டைன் என்ற பெயரில் முடிகிறது. திரும்ப வருவது ஒரே ஒரு சொல். அதை நோக்கி ஒவ்வொரு முறையும் புதிய வழியில் வாதத்தை ஓட்டிக்கொண்டு போகும் திறமைதான் இங்கே இன்பம்.

இதில் சந்தப் பகுப்பு செய்வது சிரமம். டன் பேச்சின் போக்கில் அழுத்தம் வைப்பவர். அசைகளை விழுங்குவார், சீரைப் புரட்டுவார். அழுத்தத்தைக் காக்காததற்காகவே அவரைத் தூக்கிலிடலாம் என்று அவருடைய சமகாலத்தவரான பென் ஜான்ஸன் சொன்னது பதிவாகியிருக்கிறது. முதன்முறையாக ஆங்கிலச் சந்தம் பழகுகிறவர் இந்தப் பாடலில் கைவைத்தால், ஒவ்வொரு வரியிலும் தன் காது தவறா, கவிஞர் மீறுகிறாரா என்று தடுமாறுவார். சந்தத்தில் ஏற்கெனவே தேர்ச்சி உள்ளவருக்கு அந்த மீறல்களே கட்டுரைப் பொருள். மற்றவர்கள் இதை விட்டுவிடலாம்.

ஆக, எதை எடுப்பது? அவகாசம் குறைவு, ஒரே வாரத்தில் பத்து பக்கம் எழுத வேண்டும் என்றாலும் ‘எபிதலேமியன்’ என்றுதான் சொல்வேன். 433 வரிகளையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, கட்டுரைக்கு நான்கு பத்திகளை மட்டும் எடுங்கள். குட்டை வரிகளின் எதிரொலியைக் காட்ட முதல் பத்தி. அடி இறந்த காலத்துக்கு மாறுவதைக் காட்ட 10-ஆவது. பகல் இரவாகும் திருப்பத்துக்கு 17-ஆவது. ‘நம்’ என்று முடியும் 23-ஆவது. தொடங்கும் இடம் மீள்வரும் அடியாக இருக்கட்டும். அங்கிருந்து பின்னோக்கி அந்த அடிக்கு இயைபு எப்படி வழிவிடுகிறது, அந்த இயைபைக் குட்டை வரிகள் எப்படி முன்கூட்டி ஒத்திகை பார்க்கின்றன என்று போனால் கட்டுரைக்குத் தானாகவே ஒரு போக்கு கிடைக்கும். வழக்கமான வரிசை முதலில் சந்தம், பிறகு இயைபு, கடைசியில் மீள்வருகை என்பது. இந்தப் பாடலுக்கு அது பொருந்தாது. பொருள் அதிகம் மாறும் இடம் கடைசிக்குத் தள்ளப்பட்டு, பக்க வரம்பு தீரும் நேரத்தில் இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும்.

‘ப்ரோதலேமியன்’ பாடலை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. முடிந்தால் அதன் முதல் பத்தியை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அசை அடியும் பத்து அசை அடியும் அருகருகே இருக்கும்போது, ஒன்று ஏன் நீண்டது என்பதை மற்றொன்று சொல்லிக்கொடுக்கும்.

எந்தப் பதிப்பைக் கையில் எடுப்பது என்பதும் இந்தத் தேர்வின் ஒரு பகுதி. எழுத்துக்கூட்டலை நவீனமாக்கிய பதிப்பு படிக்க எளிது, சந்தம் பார்க்க ஆபத்து. முதல் பத்தியின் ஆறாவது வரியில் ‘ஜாய்ட்’ என்று ஒரே அசையாகப் படித்தால் வரி ஐந்து அசையோடு நொண்டும். அதை ‘ஜாய்-எட்’ என்று இரண்டு அசையாக ஒலித்தால்தான் ஆறு அசையும் மூன்று சீரும் வரும். பழைய கூட்டலில் அங்கே உயிரெழுத்து இருக்கிறது. பதின்மூன்றாவது வரியின் ‘க்ரவுண்ட்’ என்ற சொல்லில் அந்த உயிர் அச்சிலேயே விடப்பட்டிருக்கிறது, அது ஒரே அசை. நவீனக் கூட்டலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதேபோல் ‘ஸ்கார்ன்’, ‘மோர்ன்’, ‘டர்ன்’ என்ற ஈற்றுச் சொற்கள் இன்றைய உச்சரிப்பில் முழுதாக இயைவதில்லை. 17-ஆவது பத்தியின் ‘கான்’, ‘அலோன்’ என்ற இணையும் அப்படியே. இன்றைய காதை வைத்து இவற்றைத் தனித்தனி இயைபாகக் குறித்தால் மொத்த எழுத்து வரிசையும் குலைந்துவிடும். ஆகவே பழைய கூட்டலை அப்படியே வைத்து, கீழே அருஞ்சொற்பொருள் தரும் பதிப்பாகப் பார்த்து எடுங்கள், பக்கத்தில் பென்சிலோடு உட்காருங்கள், முதல் வாசிப்பை உரக்கவே செய்யுங்கள்.